கொப்பியில் உம்மா எங்கே?

மகனே, உன் மீதும் உன்னோடு அந்த ஒற்றை அறையில் நெருக்கிப் படுக்கும் மற்ற மாஸ்டர்மார் மீதும் அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும். உன் கடிதம் கிடைத்தது. மொனராகலை வெயில் மண்டையைப் பிளக்கிறது, பள்ளிக்கூடக் கிணறு வற்றிவிட்டது, கல்யாணத்துக்கு லீவு கிடைத்துவிட்டது என்று எல்லாவற்றையும் எழுதியிருக்கிறாய். கடைசியில் ஓரமாக, பொடி எழுத்தில், “வாப்பா, குடும்பம் நடத்துவது பற்றி ஏதாவது புத்தி சொல்வதென்றால் எழுதி அனுப்புங்கள், நேரில் சொன்னால் இருவருக்கும் வெட்கமாக இருக்கும்” என்றும் எழுதியிருக்கிறாய். அதை வாசித்து நான் சிரித்த சிரிப்பில், கடையில் நின்ற ஒரு அம்மா நான் கம்பளி விலையைக் குறைத்துவிட்டேன் என்றே நினைத்துவிட்டார். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொன்னவனிடம் ஒரு வாத்தியார் புத்தி கேட்கிறார். கேட்டுவிட்டாய், இனி முழுவதையும் வாசித்துத்தான் ஆகவேண்டும்.

எனக்கு இந்த உலகத்தில் கொஞ்சமாவது தெரிந்த விஷயம் என் சித்திரக் கொப்பிகள்தான் என்று நினைத்திருந்தேன். அதுவும் தெரியாது என்று போன கிழமை உன் உம்மா கண்டுபிடித்துவிட்டாள். அதைச் சொன்னாலே நீ கேட்ட புத்தி அதற்குள் இருக்கும் என்று தோன்றுகிறது. இல்லாவிட்டாலும் பொழுது போகும்.

கொப்பி எப்படித் தொடங்கியது என்று உனக்கு முழுவதும் தெரியாது. பதுளைக் கடைத்தெருவில் மழை பிடித்தால் பகல் முழுவதும் பிடிக்கும். தேயிலைத் தோட்டத்து ஆட்கள் வரும் பஸ் வராது, வந்தாலும் இறங்கியவர்கள் ஏதாவது தாழ்வாரத்தில் ஒதுங்கி நிற்பார்கள். குடையும் செருப்பும் கம்பளியும் விற்கும் நமக்கு மழையால் வியாபாரம் என்று ஊர் நினைக்கும். மழை விட்ட பிறகுதான் வியாபாரம். மழை பெய்யும்போது தூக்கம்தான். தூங்கினால் என் வாப்பா ஏசுவார் என்று, சாமான் சுற்றும் தாளில் எதிரே இருந்ததை வரைய ஆரம்பித்தேன். பிறகு கோடு போடாத சித்திரக் கொப்பி ஒன்று வாங்கினேன். நாளுக்கு ஒரு பொருள், அதற்குக் கீழே ஒரு வரி. “மழை. பகலுக்குப் பிறகு ஆள் வந்தது.” இவ்வளவுதான் என் நாட்குறிப்பு. மற்றவர்கள் மனதில் பட்டதையெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவார்களாம். எனக்கு மனதில் ஒன்றும் படுவதில்லை, கண்ணில் பட்டதை வைத்துச் சமாளித்தேன்.

நம் வீடுகளில் உயிருள்ளதை வரைவதில்லை. நானும் வரையவில்லை. இதில் எனக்குப் பெரிய தியாகம் ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை ஆடு வரைந்தேன், மாஸ்டர் பார்த்துவிட்டு, மேசைக்கு எதற்கு வால் என்று கேட்டார். ஆள் வரையத் தெரியாதவனுக்கு ஆள் வரையக்கூடாது என்பது வசதியாகப் போய்விட்டது. அதனால் ஆளுக்குப் பதிலாக ஆளுடைய சாமானை வரையப் பழகினேன். கடைக்கு வந்தவர் குடையை மூலையில் சாத்துவார், செருப்பை வாசலில் கழற்றுவார், பையை மேசையில் வைப்பார். அவர் விலை பேசி முடிப்பதற்குள் அதில் ஒன்று கொப்பிக்கு வந்துவிடும். குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்த செருப்பைப் பார்த்தால் அந்த மனிதர் எந்தத் தோட்டத்து மேட்டில் எந்தப் பக்கம் சாய்ந்து ஏறுகிறார் என்று தெரிந்துவிடும். முகம் தேவைப்படவில்லை.

பூனாகலைத் தோட்டத்து ஞானம்மாவை உனக்கு நினைவிருக்கும். கொழுந்து எடுக்கிறவர், மாதா கோயிலுக்கு வரும் நாளில் நம் கடைக்கும் வந்து ஒரு பாட்டம் வியாபாரத்தைக் கெடுத்துவிட்டுப் போவார். என்னை அண்ணன் முறைக்கு ‘நானா’ என்றுதான் கூப்பிடுவார். ஒருநாள் மேசையில் திறந்து கிடந்த கொப்பியில் தன் குடையைக் கண்டுவிட்டார்.

“அய்யய்யோ நானா, இது என் கொடையில்ல? கம்பி நீட்டிக்கிட்டு நிக்கிறதக்கூட விடாம போட்டிருக்கீங்களே!”

“உள்ளதத்தானே போடணும்.”

“அப்ப ஆளையும் போடுங்க, பார்ப்போம்.”

“ஆள் போட மாட்டேன் அம்மா.”

“ஏங்க, நான் என்ன கொடைய விட அசிங்கமாவா இருக்கேன்?”

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த முறை அவர் வந்தது, கம்பி சரிசெய்த குடையோடு. “இப்பப் போடுங்க. பழசக் கிழிச்சிருங்க. அத யாராச்சும் பார்த்தா எங்க வீட்டு ஆளுக்குத்தான் கேவலம்” என்றார். நான் புதியதையும் வரைந்தேன், பழையதைக் கிழிக்கவில்லை. மகனே, கொப்பி வைப்பதில் எனக்குத் தெரிந்த ஒரே சட்டம் இதுதான். கிழிக்காதே, அழிப்பான் வாங்காதே. கோணலாக வந்தால் அன்றைக்கு நீ கோணலாக இருந்தாய் என்று விட்டுவிடு.

நீ சின்னவனாக இருந்தபோது அந்தக் கொப்பிகள்தான் உனக்குக் கதைப் புத்தகம். பக்கத்தைப் புரட்டி, “இது டோர்ச், அப்ப மௌலானா மாமா. இது ஓட்டை வாளி, அப்ப பால்காரர்” என்று ஆள் கண்டுபிடிப்பாய். பேக்கரி வாசலில் பாணுக்கு வரிசை நின்ற காலத்துப் பக்கம் உனக்கு மிகவும் பிடிக்கும். விடிவதற்கு முன்பே வந்து, இடம் பிடிக்கப் பையையும் கல்லையும் வரிசையில் வைத்துவிட்டு ஆட்கள் ஓரமாகக் குந்திக்கொண்டு பீடி குடிப்பார்கள். நான் அந்தப் பைகளை மட்டும் வரைந்தேன். கிழிந்த பை, மூங்கில் கூடை, ஒரு கல், இன்னொரு கல், டாக்டர் ஐயா வீட்டு வேலைக்காரர் வைத்த நல்ல தோல் பை. ஊர் முழுவதும் அந்த ஒரு பக்கத்தில் நிற்கிறது. அதை வரைந்த நாளில் நான் பெரிய சித்திரக்காரன் என்று எனக்குள் ஒரு எண்ணம் வந்துவிட்டது. அந்த எண்ணத்தோடுதான் போன கிழமை வரை நடமாடினேன்.

இன்னும் ஒரு நன்மையும் சொல்லவேண்டும். நீ பந்தடித்து லாம்புச் சிமினியை உடைத்த அன்று உன்னை அடிக்கத்தான் எழுந்தேன். சிமினிக்குத் தட்டுப்பாடான காலம். எழுந்தவன் என்ன நினைத்தேனோ, கொப்பியை எடுத்து உடைந்த சிமினியை வரைய உட்கார்ந்துவிட்டேன். கண்ணாடி ஓரம் லேசில் வராது. பார்த்துப் பார்த்து வரைந்து முடித்து நிமிர்ந்தால், நீ மற்றத் துண்டுகளைக் கூட்டி அள்ளிவிட்டு நல்ல பிள்ளையாகக் குர்ஆன் ஓதிக்கொண்டிருந்தாய். கோபம் எங்கே போனதென்று தேடியும் கிடைக்கவில்லை. கோபம் வரும் வீட்டில் ஒரு பென்சில் இருப்பது நல்லது. உன் வீட்டுக்கும் கோபம் வரும், வராத வீடு இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். உன் கல்யாணத்துக்காக வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கத் தொடங்கினோம். அறையில் இருந்த சாமானையெல்லாம் கூடத்தில் இறக்கியபோது அலுமாரிக்கு மேலே இருந்த தகரப்பெட்டியும் இறங்கியது. உன் உம்மா அதைத் துடைக்கத் திறந்தவள், துடைப்பதை விட்டுவிட்டுப் பார்க்க உட்கார்ந்துவிட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தக் கொப்பிகளை உட்கார்ந்து பார்த்தது அன்றுதான். நான் சிரட்டையில் நீலம் கரைத்துக்கொண்டே ஓரக்கண்ணால் கவனித்தேன். மெச்சுவாள் என்று காத்திருந்தேன். உண்மையைச் சொல்வதில் என்ன, கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டுதான் இருந்தேன்.

ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். ஞானம்மாவின் குடைக்குச் சிரித்தாள். பாண் வரிசைக்கு, “இந்தக் கல்லு எங்கட” என்றாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. கடைசியில் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“இஞ்ச பாருங்களே. எல்லாரும் இதில ஈக்கி. நான் எங்க ஈக்கிற?”

“நீ இல்லாமலா? எத்தனை பக்கத்தில் இருக்கிறாய்” என்று உற்சாகமாகப் போய்க் காட்டினேன். இதோ உன் கேத்தல். இதோ அம்மி. இதோ தேங்காய் துருவி, சுளகு, கிணற்று வாளி, அடுப்பு ஊதும் குழல்.

அவள் ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பார்த்தாள். “இது கேத்தல். இது அம்மி. இதெல்லாம் இந்த வீட்டு வேல. நாளைக்கு நான் மவுத்தாப்போனா இன்னொரு ஆள் இதே அம்மியில அரைக்கும். அந்தக் குடைக்காரிட குடைய வேற ஆள் புடிச்சா உங்களுக்குத் தெரியும். இந்த அம்மிய வேற ஆள் அரைச்சா தெரியுமா?”

நீலம் கை முழுவதும் வழிந்தது. அவள் சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சத்தமே போடாமல் சொன்னாள்: “மருமகளா வாற பண்டாரவளைப் புள்ளைக்கு இந்தக் கொப்பிய நீங்க கட்டாயம் காட்டுவீங்க. காட்டாம உங்களுக்கு ஈக்க ஏலா. அது பார்த்திட்டு, மாமி இந்த வீட்டில என்னவா ஈந்தாங்கன்னு நெனைக்கும்? அந்தப் புள்ள வாறதுக்கு முந்தி நான் இதில ஈக்கணும். அவ்வளவுதான் எனக்கு வேணும். பொன்னு கேக்கல்ல, புடவ கேக்கல்ல.”

பொன் கேட்டிருந்தால் ஓடியாடி எங்கேயாவது புரட்டியிருப்பேன்.

மறுநாளே வேலையைத் தொடங்கினேன். முதலில் அவளுடைய கல்யாணச் சாரியை எடுத்து மடிப்போடு வரைந்தேன். அந்தச் சரிகைக் கரையை வரைந்ததில் கண் பூத்துப்போனது. கொண்டுபோய்க் காட்டினேன். “இது உங்கட உம்மா எடுத்த சாரி. அந்தக் கலர் எனக்குப் புடிக்கவும் இல்ல” என்றாள். இத்தனை காலமாகச் சொல்லவே இல்லையே என்றேன். “நீங்க கேக்கவே இல்லையே” என்றாள். நான் கொப்பியை மூடிக்கொண்டு சுண்ணாம்பு வாளியைத் தூக்கினேன்.

அடுத்தது, எனக்குக் கைவந்த விஷயம் என்று செருப்பை எடுத்தேன். கட்டிலுக்குக் கீழே இருந்தது. திருப்பிப் பார்த்தால் அடியில் ஒரு தேய்மானமும் இல்லை. எப்போது கொடுத்தேன் என்று எனக்கே மறந்துபோன செருப்பு, நேற்று வாங்கியது போல இருந்தது. எங்கே நடந்திருப்பாள்? தாய் வீடு, கல்யாண வீடு, மையத்து வீடு, ஆஸ்பத்திரி. அதற்கும் வாசலில் கார் வரும். ஊரார் செருப்பையெல்லாம் பார்த்து அவர்கள் வழியைச் சொன்னவன், என் வீட்டுச் செருப்பில் வாசிக்க ஒன்றும் இல்லாமல் உட்கார்ந்திருந்தேன். இருந்தாலும் வரைந்தேன். அவள் பார்த்துவிட்டு, “இது என்ன, விக்காத சரக்கா?” என்றாள். கேலிக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே கடைச் சரக்கு என்று நினைத்துவிட்டாள்.

மகனே, இவ்வளவும் நடந்தும் எனக்குப் புத்தி வரவில்லை. இன்னும் எதை வரையலாம் என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஞானம்மா மழைச் சீலை வாங்க வந்தார். வேறு யாரிடம் கேட்பது? வெட்கத்தை விட்டு, “உங்க வீட்டு ஆளிடம் உங்களை வரையச் சொன்னா என்னத்த வரைவாரு?” என்று கேட்டேன்.

“அந்த மனுசன் என்னத்த வரைவாரு நானா, கொழுந்துக் கூடையத்தான் வரைவாரு. வேற என்னத்தக் கண்டாரு?”

“அப்ப உங்ககிட்ட பென்சிலக் குடுத்தா நீங்க என்னத்தப் போடுவீங்க, உங்களப் போட?”

“என்னைய நான் எதுக்குங்க போடணும்? அந்த மனுசனப் போடுவேன். விட்டா ஒரு கொப்பி முழுக்கப் போடுவேன். நல்லா வளைச்சு வளைச்சு, மூக்குச் சளியோட போடுவேன்!” என்று சொல்லி, மழைச் சீலையைத் தலையில் போட்டுப் பார்த்துச் சிரித்தார். “ஏன் நானா, வீட்ல எதும் பிரச்சினையா?”

நான் ஒன்றுமில்லை என்றேன். அவர் நம்பவில்லை.

அன்று வீட்டுக்குப் போய் கொப்பியையும் பென்சிலையும் உன் உம்மாவுக்கு முன்னால் வைத்தேன். “எனக்கு ஏலாது. நீயே போடு” என்றேன். “எனக்கு எப்பிடி ஏலும்? நான் அஞ்சாம் வகுப்போட நின்ட ஆள்” என்றாள். “எனக்கும் ஏலாமல்தானே இவ்வளவு காலம் போட்டேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடைக்குப் போய்விட்டேன். பயந்துதான் போனேன், பெருந்தன்மை ஒன்றும் இல்லை.

மறுநாள் பகல் சாப்பாட்டுக்கு வழக்கம் போலப் பிந்தித்தான் வந்தேன். கொப்பி மேசையில் விரித்துக் கிடந்தது. ஒரு வட்டம், அதற்கு மேலே கவிழ்த்த மாதிரி இன்னொரு வட்டம். கோடு நடுங்கியிருந்தது, ஆனால் எங்கேயும் அறுந்திருக்கவில்லை.

“இது என்ன, தொப்பியா?”

“பீங்கான். சோத்துப் பீங்கான், மேல இன்னொரு பீங்கான் போட்டு மூடி வச்சீக்கி.”

எனக்கு மனசு இளகிவிட்டது. பகல் முழுவதும் எனக்காகச் சோற்றை மூடி வைத்துவிட்டுப் பசியோடு காத்திருக்கும் ஒரு பெண்ணை நானே கற்பனை செய்துகொண்டேன். “அப்ப இதுதான் நீ” என்றேன்.

“நான் இல்ல” என்றாள். “அது நீங்க.”

“நானா?”

“ஓ. நான் பசிச்சா தின்டிடுவேன். உங்களப் பார்த்துக்கொண்டு யார் ஈக்கிற? தின்டு, கழுவி, கவுத்து, ஒரு தூக்கமும் போட்டு எழும்பிடுவேன். அந்தப் பீங்கான் மட்டும் மூடினபடி ஈக்கும். சோத்துக்கு ஒருக்கா எட்டிப் பார்த்தா, பொறகு ராவைக்குத்தான் ஆள். என்ட பகல்ல நீங்கண்டா அதுதான்.”

மகனே, வாழ்நாளெல்லாம் மற்றவர்களை அவர்கள் சாமானாக வரைந்தவன் நான். என்னை ஒருவர் அப்படி வரைந்தது அதுதான் முதல் முறை. உண்மையைச் சொல்கிறேன், அச்சொட்டாக இருந்தது. மூடியைத் திறந்தேன். சோறு ஆறிப்போயிருந்தது. அப்படியே முழுவதையும் சாப்பிட்டேன்.

அன்றுதான் எனக்கு ஒன்று விளங்கியது. அவளை என் கொப்பிக்குள் எப்படிக் கொண்டுவருவது என்று நான் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தேன். என் கொப்பி என் பகல். நான் கடையில் இருக்கும் பகலில் அவள் எப்படி வருவாள்? வந்தால் கேத்தலாகத்தான் வருவாள். நான் என்னதான் கூர்ந்து பார்த்தாலும் நான் இல்லாத நேரத்தில் நடப்பது என் கண்ணுக்குத் தெரியாது. அவளுக்கு என்று ஒரு பகல் இருக்கிறது, நீண்ட பகல், அதில் நான் ஒரு மூலையில் இரண்டு பீங்கான். நியாயமாகப் பார்த்தால் அதுவே எனக்கு அதிகம்.

மறுநாள் அவளுக்கு ஒரு புதுக் கொப்பி வாங்கிக் கொடுத்தேன். முதலில் தொடவில்லை. பிறகு சுண்ணாம்பு காயும் வாசனையில் அடுக்களை ஜன்னலோரம் உட்கார்ந்து தொடங்கினாள். நமுனுகுல மலையை வரைந்திருக்கிறாள், அடுப்புக் கல் மாதிரி இருக்கிறது. “அது காலையில அப்பிடித்தான் ஈக்கி, மேல புகையும் போகும்” என்கிறாள். மேலே போகிறது மேகம் என்று சொல்ல வாயெடுத்தேன், விட்டுவிட்டேன். பசறைக்குப் போகும் பஸ்ஸின் பின்பக்கத்தை மட்டும் வரைந்திருக்கிறாள், ஏனென்றால் நம் ஜன்னலில் அதுதான் தெரியும். நான் அந்த ஜன்னலால் எட்டிப் பார்த்ததே இல்லை என்பதும் அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நேற்று ஒரு சந்தேகம் கேட்டாள். ஒவ்வொரு நாளும் சுவருக்கு ஒரு காகம் வருமாம், அதை வரையலாமா என்று. உயிருள்ளதாயிற்றே என்றேன். வெறும் சுவரை வரைந்து, கீழே தன் அஞ்சாம் வகுப்பு எழுத்தில், “காக்கா இப்பத்தான் போச்சு” என்று எழுதிவிட்டாள். இத்தனை கொப்பி நிரப்பியும் எனக்கு இப்படி ஒரு பக்கம் வாய்த்ததில்லை. பொறாமையாக இருந்தது, எழுதி வைக்கிறேன்.

ஆகவே நீ கேட்ட புத்தி இதுதான். மொனராகலைக் கடையில் சித்திரக் கொப்பி வாங்கும்போது இரண்டாக வாங்கு. ஒன்றை அந்தப் பிள்ளையிடம் கொடு. எதை வரையவேண்டும் என்று சொல்லிக்கொடுக்காதே, நீ வாத்தியார், அந்தப் பழக்கம் உனக்குச் சீக்கிரம் வரும். அவள் காட்டினால் பார், காட்டாவிட்டால் எட்டிப் பார்க்காதே. அதில் நீ எந்தப் பொருளாக வந்திருக்கிறாய் என்று தெரிந்தால், கோபப்படாமல் அந்தப் பொருளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிரு. பள்ளிக்கூடம் விட்டால் நேரே வீட்டுக்குப் போ. சோற்றைச் சூடாகச் சாப்பிடு. நானும் இப்போது பகலில் கடையைப் பூட்டிவிட்டு நேரத்துக்கு வருகிறேன். முதல் நாள் வந்தபோது உம்மா, “என்ன, சொகமில்லையா?” என்று கேட்டாள்.

அவள் கேட்டது கிடைத்ததா என்று நீ கேட்பாய். நான் வரைந்து கொடுக்கவில்லை, எனக்கு அது வரவே இல்லை. ஆனால் இன்று காலை அவள் தன் கொப்பியைத் தகரப்பெட்டியில் வைக்காமல் கூடத்து மேசையில் வைத்தாள். “அந்தப் புள்ள வந்தா முதல்ல இதக் காட்டுங்க. பொறகு நேரம் ஈந்தா உங்கடதையும் காட்டலாம்” என்றாள். நேரம் இருக்காது என்றுதான் நினைக்கிறேன். காட்டுவதற்கு அதில் இன்னும் பக்கம் சேர்ந்துகொண்டே போகிறது.

இன்னும் எழுத நினைத்தேன். நான் அடுக்களை ஜன்னலோரம் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன், வீட்டில் நல்ல வெளிச்சம் உள்ள இடம் இது என்று இப்போதுதான் கண்டுபிடித்தேன். உன் உம்மா பென்சிலோடு வந்து பின்னால் நிற்கிறாள். “கடிதம் அங்கிட்டு இருந்தும் எழுத ஏலும்தானே. வெளிச்சத்த மறைக்காம கொஞ்சம் தள்ளுங்க” என்கிறாள்.

தள்ளி உட்கார்ந்துவிட்டேன். இங்கே எழுத்து சரியாகத் தெரியவில்லை. அவளுக்குத் தெரிகிறது.

உன் வாப்பா